இரண்டாம் வீடுகளும் விடுமுறை வாடகை வீடுகளும்: எந்த விதி ஒரு வீட்டை ஊருக்குத் திருப்பித் தருகிறது?

கேள்வி: கடலோரச் செவிலி

அனைவருக்கும் வணக்கம். வேல்ஸின் வடமேற்கில், குவினெத் கவுண்டியைச் சேர்ந்த ஒரு கடற்கரைச் சிற்றூரில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். வீடு வீடாகச் சென்று முதியவர்களைக் கவனிக்கும் செவிலிப் பணியில் இருப்பதால், எந்தத் தெருவில் எந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். துறைமுகத்துக்கு இறங்கும் சந்தில், நான் ஊசி போடச் செல்லும் பாட்டியின் வீட்டைத் தவிர மற்ற எல்லா வாசல்களிலும், விடுமுறைக்கு வருவோர் தாமே சாவி எடுத்துக்கொள்வதற்கான எண்பூட்டுச் சாவிப்பெட்டி தொங்குகிறது. அந்தப் பாட்டியைக் குளிப்பாட்டி உடுத்திவிட வரும் பராமரிப்புப் பணியாளருக்கு ஊருக்குள் வாடகை வீடு கிடைக்கவில்லை. மலைக்கு அப்பாலிருந்து கார் ஓட்டி வருகிறார். சாலையில் பனி உறைந்த காலைகளில் அவரால் வர இயலாது, அன்று பாட்டி படுக்கையிலேயே காத்திருக்க வேண்டியதுதான்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ஊரின் தீயணைப்பு நிலையம், அழைப்பு வந்ததும் தங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வரும் பகுதிநேர வீரர்களை நம்பியது. அவர்கள் நிலையத்திலிருந்து சில நிமிடத் தொலைவுக்குள் இருந்தாக வேண்டும். அந்தத் தொலைவுக்குள் இருப்பவையோ பெரும்பாலும் கடல் தெரியும் வீடுகள். இதே கவுண்டியில், லீன் தீபகற்பத்தின் அபெர்சோக் ஊர்த் தொடக்கப்பள்ளி, விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பிள்ளைகள் மிஞ்சிய நிலையில், 2021 டிசம்பரில் மூடப்பட்டது. வெல்ஷ் மொழி அன்றாடம் புழங்கும் ஊர்களில் ஒரு பள்ளி மூடப்படுவது கட்டடம் ஒன்று மூடப்படுவதோடு நிற்பதில்லை.

எங்கள் ஊர் மன்றம் இப்போது குடியிருப்போரிடம் எழுத்து மூலமாகக் கருத்துக் கேட்டிருக்கிறது. கவுண்டி நிர்வாகத்துக்கு அனுப்பப்போகும் மனுவில் எதை முதன்மைக் கோரிக்கையாக வைப்பது என்பதுதான் கேள்வி. இரண்டாம் வீடுகள் மீதான கூடுதல் கவுன்சில் வரியை, அதாவது உள்ளூர் நிர்வாகம் குடியிருப்புகள் மீது விதிக்கும் வரியை, இன்னும் உயர்த்தச் சொல்லலாம். வீட்டின் பயன்பாட்டை மாற்றுவதற்கு உள்ளூர் நிர்வாகத்தின் திட்ட அனுமதி வேண்டும் என்ற விதியை இறுகப் பிடிக்கச் சொல்லலாம். விடுமுறைக்கு வாடகைக்கு விடுவோர் உரிமம் பெற வேண்டும் என்று கேட்கலாம். மூன்றையும் எழுதிவிடலாமே என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மூன்றையும் கேட்டால் எதையும் கேட்காதது போலாகிவிடும் என்பது என் எண்ணம்.

வசதி படைத்தவருக்கு வரி ஒரு தடையாகுமா? ஓரிடத்தில் தடுத்தால் வாங்குவோர் அடுத்த ஊருக்கோ அடுத்த தெருவுக்கோ நகர்ந்துவிடுவார்களா? இந்த விதிகளில் எதுவாவது, பூட்டிக் கிடந்த வீட்டில் உண்மையிலேயே ஒரு குடும்பத்தைக் குடிவைத்திருக்கிறதா? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாவேன். சுற்றுலா வருவோர் மீது எனக்கு வெறுப்பு கிடையாது. நானும் வெளியிலிருந்து இங்கு வந்தவள்தான். வெல்ஷ் மொழியை இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் 1: வரிக்கணக்கர்

சகோதரிக்கு வணக்கம். சொத்து வரிக் கணக்குகளைப் பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் வரிப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். திட்டமிடல் சட்டத்தை அதை அறிந்தவர்கள் சொல்லட்டும்.

முதலில், இரண்டாம் வீடும் விடுமுறை வாடகை வீடும் வரியின் கண்ணில் வெவ்வேறு பிறவிகள் என்பதை மனுவில் தெளிவாகப் பிரித்து எழுதுங்கள். உரிமையாளர் தமக்கென்று வைத்துக்கொண்டு ஆண்டில் சில வாரங்கள் வந்து தங்கிப் போகும் வீடு கவுன்சில் வரிக்கு உட்பட்டது. வேல்ஸில் 2014-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி, 2017 ஏப்ரல் முதல் அத்தகைய வீடுகள் மீது 100 சதவீதம் வரை கூடுதல் வரி போடலாம் என்றானது. 2023 ஏப்ரலில் அந்த உச்சவரம்பு 300 சதவீதமாக உயர்ந்தது. குவினெத் அந்த ஆண்டிலேயே 150 சதவீதத்துக்குப் போனது. அதாவது வழக்கமான வரி 2,000 பவுண்டு என்றால், இரண்டாம் வீட்டுக்காரர் செலுத்த வேண்டியது 5,000 பவுண்டு.

விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடோ ஒரு தொழிலாகப் பதிவு பெற்று, கவுன்சில் வரியிலிருந்து விலகி, வணிகச் சொத்து வரிக்குள் போய்விடலாம். அங்கே சிறுதொழில்களுக்கான முழு விலக்கு இருக்கிறது. வேல்ஸில் மதிப்பிடப்பட்ட ஆண்டு வாடகை 6,000 பவுண்டு வரையும், இங்கிலாந்தில் 12,000 பவுண்டு வரையும் உள்ள சொத்துக்கு வரியே இல்லாமல் போய்விடும் வாய்ப்பு உண்டு. கூடுதல் வரி எவ்வளவு ஏறுகிறதோ அந்த அளவுக்கு இந்தப் பின்வாசலின் மதிப்பும் ஏறும். இங்கிலாந்தில் 2023 வரை, ஆண்டில் 140 நாள் வாடகைக்குக் கிடைக்கும் என்று அறிவித்தால் போதும், ஒருவராவது வந்து தங்கினாரா என்று கேட்கப்படவில்லை. இப்போது அங்கே குறைந்தது 70 நாள் உண்மையிலேயே வாடகைக்குப் போயிருக்க வேண்டும். வேல்ஸ் இன்னும் கடுமையாக, 252 நாள் கிடைக்க வேண்டும், 182 நாள் ஆள் தங்கியிருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதித்துவிட்டது. ஆகவே உங்கள் கவுண்டியில் அந்தப் பின்வாசல் ஏற்கெனவே பெருமளவு சாத்தப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் கவுன்சில்களுக்கு இரண்டாம் வீடுகள் மீது 100 சதவீதம் கூடுதல் வரி போடும் அதிகாரமே 2025 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.

உள்ளூர் வரியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். வருமான வரி செய்த வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நீண்டகாலக் குடியிருப்போருக்கு வீட்டை வாடகைக்கு விடுபவர், வீட்டுக் கடனுக்குக் கட்டும் வட்டியை வருமானத்திலிருந்து முழுதாகக் கழித்துக்கொள்ளும் உரிமை 2017 ஏப்ரல் முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2020 ஏப்ரலோடு முற்றிலும் போயிற்று. அடிப்படை வீதத்தில் ஒரு சலுகை மட்டும் மிஞ்சியது. அதே வீட்டை மெத்தை, மேசையுடன் விடுமுறைக்காரர்களுக்கு விட்டால், வட்டி முழுவதையும் கழிக்கலாம், தளவாடச் செலவைக் கழிக்கலாம், விற்கும்போதும் சலுகை உண்டு என்ற நிலை 2025 ஏப்ரல் வரை நீடித்தது. குடும்பம் ஒன்றைக் குடிவைத்தால் அபராதம், வாரந்தோறும் ஆள் மாற்றினால் பரிசு என்று சொல்லாமல் சொல்லிய ஏற்பாடு அது. கடலோர ஊர்களில் வாடகை வீடுகள் மறைந்ததற்கு இணையத்தில் அறை பிடிக்கும் தளங்களை மட்டும் குறை சொல்வது அரைக் கணக்குதான். அந்தச் சலுகை இப்போது ஒழிந்துவிட்டது. ஆனால் அதை நம்பி மாறிய வீடுகள் தாமாகத் திரும்பி வரவில்லை.

நீங்கள் கேட்டதற்கு என் விடை: பெருஞ்செல்வருக்கு வரி தடையாகாது, அவர் கட்டிவிட்டுப் போவார். வரி உயர்ந்தால் விற்பவர் பெரும்பாலும் பாட்டி வீட்டை உடன்பிறப்புகளோடு பங்கிட்டு வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்தவர். அப்படி விற்கப்படும் வீடும், அதிக விலை கேட்பவர் கைக்குத்தான் போகும். உங்கள் பராமரிப்புப் பணியாளர் கைக்குப் போகும் என்று எந்த வரிச் சட்டமும் சொல்லவில்லை. எனவே சதவீதத்தை உயர்த்தச் சொல்வதைவிட, ஏற்கெனவே வசூலாகும் பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள். குவினெத் அந்தப் பணத்தைத் தனது வீட்டுவசதித் திட்டத்துக்குத் திருப்பி, சந்தையில் வீடுகளை விலைக்கு வாங்கி உள்ளூராருக்கு வாடகைக்கு விடும் வேலையையும் செய்கிறது. அப்படி வாங்கும் வீடுகளில் உங்கள் ஊருக்கு எத்தனை என்பது மனுவில் எழுதத் தகுந்த கேள்வி.

பதில் 2: நிலவரைபடம்

நான் தென்மேற்கு இங்கிலாந்தில் திட்டமிடல் துறையில் பணியாற்றியவன். முந்தைய பதிலோடு எனக்கு ஒரு வேறுபாடு உண்டு: வரி மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் அதைத் திரும்பப் பெறுவது எளிது. திட்டமிடல் விதி உடனே கடிக்கும். கடித்த இடம் பல ஆண்டுகள் ஆறாது. எனவே அதைக் கேட்பதற்கு முன்பு, அது எதைத் தொடாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வேல்ஸில் 2022 அக்டோபரில் குடியிருப்புகளுக்கு மூன்று பயன்பாட்டு வகுப்புகள் வந்தன. முதன்மைக் குடியிருப்பு சி3, இரண்டாம் வீடு சி5, குறுகியகால வாடகை வீடு சி6. அந்த வகுப்புகளுக்கிடையே மாறுவதற்கு இயல்பாக அனுமதி தேவையில்லை. ஆனால் உள்ளூர் நிர்வாகம் ‘ஆர்ட்டிகிள் 4’ என்று எல்லோரும் சொல்லும் உத்தரவைப் பிறப்பித்தால், அந்தப் பகுதியில் முதன்மைக் குடியிருப்பை மற்ற இரண்டாக மாற்றத் திட்ட அனுமதி பெற்றாக வேண்டும். உங்கள் குவினெத், தேசியப் பூங்காவுக்கு வெளியே உள்ள தன் பகுதி முழுவதற்கும் 2024 செப்டம்பர் 1 முதல் அதைக் கொண்டுவந்தது. எதிர்ப்பாளர்கள் அதை நீதிமன்றம் வரை கொண்டு சென்றார்கள், 2025 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது என்பதையும் மனதில் வையுங்கள்; ஒரு நிர்வாகம் இத்தகைய உத்தரவை எந்தச் சான்றின் மேல், எப்படி முடிவெடுத்துக் கொண்டுவருகிறது என்பதில் இம்மியளவு பிசகினாலும் வழக்கறிஞர்கள் அங்கேதான் பிடிப்பார்கள். அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் நேரில் கண்டு எழுதும் சாட்சியத்துக்கு மதிப்பு இருக்கிறது. பனி உறைந்த காலையில் பராமரிப்புப் பணியாளர் வரவில்லை என்பது, விலைக் குறியீட்டு அட்டவணைகள் சொல்லாத ஒன்று.

இந்த உத்தரவு எதைத் தொடாது? ஏற்கெனவே இரண்டாம் வீடாகவோ வாடகை வீடாகவோ இருப்பதைத் தொடாது. நீங்கள் சொன்ன சந்தில் சாவிப்பெட்டி தொங்கும் வாசல்கள் எல்லாம் அப்படியே இருக்கும். பாட்டியின் வீடு ஒன்றுதான் காப்பாற்றப்படும். மேலும், இழப்பீடு கோரும் உரிமை எழாதிருக்க நிர்வாகங்கள் ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுப்பது வழக்கம். அந்த ஓராண்டில், மாற்ற நினைத்தவர்கள் மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைத்துவிடுகிறது.

இங்கிலாந்தில் இந்த வசதிகூட இல்லாததால் சில ஊர்கள் புது வீடுகளின் பக்கம் திரும்பின. கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊரார் 2016 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில், இனிமேல் கட்டப்படும் வீடுகள் நிரந்தரக் குடியிருப்பாக மட்டுமே இருக்க வேண்டும் என்ற அக்கம்பக்கத் திட்டத்துக்கு (ஊராரே வகுக்கும் உள்ளூர்த் திட்டமிடல் விதிகளுக்கு) 83 சதவீத ஆதரவு அளித்தார்கள். கட்டுமான நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கும் தள்ளுபடியானது. யார்க்ஷயர் கரையிலுள்ள விட்பியில் 2022-இல் இதே கருத்துக்கு 93 சதவீத வாக்கு விழுந்தது, அந்த வாக்கெடுப்புக்குச் சட்டப்பூர்வக் கட்டாயம் இல்லை என்றாலும். செயின்ட் ஐவ்ஸில் பிறகு நடந்ததுதான் படிப்பினை. விதி புதிய வீட்டைத்தான் கட்டுப்படுத்தியது. வெளியூர்ப் பணம் பழைய வீடுகளை நோக்கித் திரும்பியது. விதி விதிக்கப்பட்ட வீட்டைக் கட்டி விற்பதில் லாபம் குறைவு என்று கட்டுநர்கள் ஆர்வம் இழந்தார்கள். மீனவர் குடியிருந்த சந்துகளின் சிறு வீடுகள், அதாவது ஊரார் வாங்கக்கூடியவையாக ஓரளவு மிஞ்சியிருந்தவை, இன்னும் எட்டாத உயரத்துக்குப் போயின.

சுவிட்சர்லாந்து இன்னும் பெரிய அளவில் இதைச் செய்து பார்த்தது. 2012 மார்ச்சில் 50.6 சதவீத வாக்குகளோடு, எந்த ஊராட்சியிலும் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மக்கள் முடிவெடுத்தார்கள். மலைப்பகுதி ஊர்களில் கட்டுமானம் படுத்தது, வேலையின்மை கூடியது, குடியிருப்பு வீடுகளின் விலை இறங்கியது என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. விலை இறங்கியது நல்லதுதானே என்று கேட்கலாம். வீடு வாங்கக் காத்திருந்தவருக்கு நல்லது. கட்டுமானத்தை நம்பிப் பிழைத்து, அதே ஊரில் ஒரு வீடு மட்டுமே வைத்திருந்த தச்சருக்கு அல்ல.

என் பரிந்துரை: ஆர்ட்டிகிள் 4 உத்தரவை ஆதரித்து எழுதுங்கள், ஆனால் அது இருக்கும் வீடுகளைக் காக்கும் வேலி மட்டுமே, போன வீடுகளைத் திருப்பிக் கொண்டுவரும் கருவி அல்ல என்ற தெளிவோடு எழுதுங்கள்.

பதில் 3: எதிர்வரிசை

இந்த உரையாடலில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் பேசுகிறேன். வேல்ஸின் தென்மேற்கே எனக்கும் என் மனைவிக்கும் விடுமுறைக்கு வாடகைக்கு விடும் சிறு வீடு ஒன்று இருக்கிறது. அது பண்ணைத் தோட்டத்தில் இடிந்து கிடந்த தானியக் களஞ்சியம். அதை மாற்றிக் கட்ட அனுமதி தரும்போதே, இதில் யாரும் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது என்று நிர்வாகம் நிபந்தனை போட்டது. அத்தகைய வீடுகளுக்குக் கூடுதல் வரியிலிருந்து விலக்கு உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆயினும் 182 நாள் எட்டாவிட்டால் வழக்கமான கவுன்சில் வரிக்குள் வந்துவிடுவோம். எனவே நவம்பரில், மழை கிடைமட்டமாக அடிக்கும் வாரங்களில், சூடாக்கும் செலவுகூடத் தேறாத வாடகைக்கு விட்டு நாள் கணக்கை நிரப்புகிறவர்கள் எங்களில் பலர். இந்த விதி யாருக்கும் ஒரு வீட்டைக் கொடுக்கவில்லை. ஆளில்லாத மாதத்தில் கொதிகலனை ஓட வைத்திருக்கிறது.

ஆண்டில் ஆறு வாரம் திறந்து மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டையும், வாரந்தோறும் ஆள் வந்து ஊரில் செலவு செய்யும் வீட்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல. அதே நேரத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு ஒரு குடும்பம் வெளியேறி, மாலை நான்கு மணிக்கு அடுத்த குடும்பம் நுழைவதற்குள் வீட்டைக் கழுவித் துடைத்து விரிப்பு மாற்ற ஆள் வேண்டும். அந்த ஆறு மணி நேரத்துக்கு வட்டாரத்தில் உள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். துப்புரவு செய்ய வருகிற அம்மையாரும் சகோதரி சொன்ன பராமரிப்புப் பணியாளரைப் போலவே தொலைவிலிருந்துதான் வருகிறார், காரணமும் அதேதான். எங்கள் தொழில் தன் வேலையாட்களின் வீட்டையே விழுங்கிவிட்டது என்று சங்கக் கூட்டத்தில் சொன்னால் யாரும் மறுப்பதில்லை, அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் நீங்கள் இருவரும் சொல்லாமல் விட்ட ஒருவர் இருக்கிறார். பெருநகரில் வீட்டை விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு ஓய்வுக் காலத்தைக் கழிக்க கடலோரத்துக்கு வருகிறவர். அவர் ஆண்டு முழுவதும் குடியிருக்கிறார். கூடுதல் வரி அவரைத் தொடாது. ஆர்ட்டிகிள் 4 தொடாது. செயின்ட் ஐவ்ஸ் விதியும் தொடாது, ஏனெனில் அவர் நிரந்தரக் குடியிருப்பாளர்தான். விலை கேட்கும்போது உள்ளூர் இளம் தம்பதியை அவர் வீழ்த்துவதும் நான் வீழ்த்துவதும் ஒன்றே. என்னைப் போன்றவர்களை முழுவதுமாக விரட்டிவிட்டாலும் விலை, உங்கள் ஊரில் கிடைக்கும் சம்பளத்துக்கு இறங்கி வரப்போவதில்லை.

கடலோரச் செவிலி

மூவருக்கும் நன்றி. எதிர்வரிசை ஐயா சொன்ன ஓய்வுக்கால வாசிகளைப் பற்றித்தான் எனக்கு மனம் இரண்டாகப் பிளக்கிறது. ஊரின் சமுதாயப் பேருந்தை ஊதியமின்றி ஓட்டுபவர் அப்படி வந்தவர்தான்; வெல்ஷ் வகுப்பில் என் பக்கத்து இருக்கையும் அவருடையது. அவரைத் தடுக்கும் விதி எனக்கு வேண்டாம். ஆனால் அவர் போனபின் அந்த வீடு யாருக்குப் போகும் என்பது மட்டும் எனக்கு வேண்டும். யார் வாங்கலாம், எந்த விலைக்கு விற்கலாம் என்பதை வீட்டோடு சேர்த்தே கட்டிவைக்கும் ஏற்பாடு ஏதும் சட்டத்தில் இருக்கிறதா? அதோடு, உரிமம் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே?

பதில் 4: வடமேட்டுநிலம்

ஸ்காட்லாந்தின் வடமேட்டுப் பகுதியிலிருந்து எழுதுகிறேன். உரிமத்தைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனெனில் ஊருக்கு வீடு வேண்டும் என்பவருக்கு அது இரண்டாம் இடத்துக் கருவிதான்.

இங்கே குறுகியகால வாடகைக்கு விடும் எவரும் உரிமம் பெற வேண்டும் என்பது 2022 அக்டோபரில் புதியவர்களுக்கும், 2023 அக்டோபரில் பழையவர்களுக்கும் கட்டாயமானது. அது முதன்மையாகப் பாதுகாப்பு உரிமம்: எரிவாயு, மின்சாரம், தீ எச்சரிக்கைக் கருவி ஆகியவை சரியா என்று பார்ப்பது. எத்தனை வீடுகள் என்ற எண்ணிக்கையை அது தானாகக் குறைக்காது. அதற்கு, வாடகை வீடாக மாற்றத் திட்ட அனுமதி கேட்கும் கட்டுப்பாட்டுப் பகுதியைத் தனியாக அறிவிக்க வேண்டும், எடின்பரோ 2022 செப்டம்பரில் செய்தது போல. ஆயினும் உரிமத்துக்கு ஒரு பலம் உண்டு. திட்ட அனுமதி நிலத்தோடு ஒட்டி எக்காலமும் நிற்கும், உரிமமோ காலாவதியாகும். பார்சிலோனா தன்னிடமுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்க மாட்டோம் என்று 2024-இல் அறிவிக்க முடிந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய ஆண்டு கட்டலோனிய அரசு அந்த உரிமங்களுக்குக் கால வரம்பு விதித்திருந்ததுதான். ஸ்பெயினின் அரசமைப்பு நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அந்தக் கட்டலோனியச் சட்டத்தை ஏற்றது. வேல்ஸில் தங்குமிடம் தருவோருக்கான பதிவேடு 2025-இல் சட்டமாகிவிட்டது. எண்ணவே முடியாததைக் கட்டுப்படுத்த முடியாது என்பதால் பதிவேட்டை வரவேற்று ஒரு வரி எழுதுங்கள், அதற்கு மேல் அதில் மை செலவழிக்க வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட முதல் கேள்வி. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சொத்துரிமைச் சட்டத்தில் ‘ஊரக வீட்டுவசதிச் சுமை’ என்று ஒன்று இருக்கிறது. ஊரார் அமைப்பு ஒன்று நிலத்தையோ வீட்டையோ சந்தை விலைக்குக் குறைவாக ஒருவருக்கு விற்கும்போது, இந்த வீடு மறுபடி விற்பனைக்கு வந்தால் முதலில் எங்களுக்குத்தான் விற்க வேண்டும், அதுவும் இதே விகிதத் தள்ளுபடியோடு, என்று பத்திரத்திலேயே எழுதிவிடலாம். ஒருமுறை அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டாலும் அது அழிவதில்லை. அடுத்த விற்பனையிலும் மீண்டும் எழும். குடியிருப்பவர் அதை மகளுக்கு விட்டுச் செல்லலாம், சுவரை இடித்துக் கட்டலாம், நாற்பது ஆண்டு வாழலாம். முதலில் ஊரார் அமைப்பிடம் கேட்காமல் இரண்டாம் வீடாக விற்க மட்டும் முடியாது. உங்கள் பேருந்து ஓட்டுநரின் வீட்டுக்கு நீங்கள் கேட்பது ஏறத்தாழ இதுவே.

இதில் உள்ள வலி என்னவென்றால், சுமையை ஏற்றுவதற்கு அந்த வீடோ மனையோ ஒருமுறையாவது ஊராரின் கையில் இருந்திருக்க வேண்டும். யாரோ ஒருவருடைய வீட்டின் மேல் போய் ஏற்றிவிட முடியாது. ஆகவே வரிக்கணக்கர் சொன்ன அந்தக் கொள்முதல் பணம்தான் எல்லாவற்றுக்கும் முதல் படி. கவுண்டி ஒரு வீட்டை வாங்கி, நிபந்தனை சேர்க்காமல் பிறகு விற்றுவிட்டால், வரி செலுத்துவோர் பணத்தில் சந்தைக்கு ஒரு வீடு பரிசளித்ததாகத்தான் முடியும்.

பதில் 5: நிலவரைபடம்

வடமேட்டுநிலம் சொன்னதற்கு இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் நேர் இணை கிடையாது. ஆனால் கைவசம் இரண்டு கருவிகள் இருக்கின்றன.

ஒன்று பழையது, பலருக்கும் மறந்துபோனது. 1985-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு. உள்ளூர் நிர்வாகம் வாடகைக்கு விட்டிருந்த கவுன்சில் வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தேசியப் பூங்கா, இயற்கை எழிற்பகுதி, அறிவிக்கப்பட்ட ஊரகப் பகுதி ஆகியவற்றில், அந்த வட்டாரத்தில் மூன்றாண்டு குடியிருந்த அல்லது வேலை பார்த்த ஒருவருக்குத்தான் மறுபடி விற்கலாம் என்று பத்திரத்தில் நிபந்தனை சேர்க்க அந்தப் பிரிவு வழிசெய்தது. ஓய்வுக்காகப் புதிதாக வருபவரையும் அது தடுக்கும். ஆனால் வந்து வாடகைக்கு மூன்றாண்டு இருந்தவருக்கோ வட்டாரத்தில் பணியாற்றும் செவிலிக்கோ கதவைத் திறக்கும். வேல்ஸில் கவுன்சில் வீடுகளை விற்பது 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது, ஆனால் முன்பு விற்கப்பட்டவற்றின் நிபந்தனை வீட்டோடு தொடர்கிறது. உங்கள் ஊரில் பழைய கவுன்சில் வீடுகள் எவை, அவற்றின் பத்திரங்களில் இந்த நிபந்தனை இருக்கிறதா, இருந்தும் யாராவது கண்டுகொள்ளாமல் விடுமுறை வாடகைக்கு விடுகிறார்களா என்று நிலப்பதிவகத்தில் பார்க்கச் சொல்லி ஊர் மன்றத்தைக் கேளுங்கள். புதுச் சட்டம் எதுவும் வேண்டாத வேலை இது, ஆகவே யாரும் செய்யாத வேலையும்கூட.

இரண்டாவது, சமுதாய நில அறக்கட்டளை, அதாவது நிலத்தையும் வீடுகளையும் ஊரின் நலனுக்காக வைத்துக் காக்கும் ஊரார் அமைப்பு. கார்ன்வாலின் ராக் ஊர், விலைக்குப் பெயர்போன இடம். அங்கே செயின்ட் மின்வர் அறக்கட்டளை, வருங்கால உரிமையாளர்களே சேர்ந்து உழைத்துக் கட்டிய 12 வீடுகளை 2008-இல் முடித்தது; சந்தை விலையில் ஒரு பங்குக்கு மட்டுமே மறுவிற்பனை செய்யலாம், வாங்குபவர் உள்ளூர்த் தொடர்புடையவராக இருக்க வேண்டும். 12 வீடு ஒரு ஊரின் சிக்கலைத் தீர்க்காது என்பார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு எத்தனை பேர் தேவை என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை. இத்தகைய நிபந்தனையுள்ள வீட்டுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். கடனைக் கட்டாமல் வீடு வங்கியின் கைக்கு வந்தால் நிபந்தனை நீங்கிவிட வேண்டும் என்ற விதிவிலக்கை அவை கேட்கும், அதைக் கொடுத்தே ஆக வேண்டியிருக்கும். அந்த விதிவிலக்கை எழுத மறுத்து, நிபந்தனையைக் கல்வெட்டாகச் செதுக்கிவைத்தால், கடன் வாங்க வேண்டியவர் யாரும் அந்த வீட்டை வாங்க முடியாமல் போய், முழுப்பணத்தையும் ரொக்கமாக வைத்திருப்பவர் மட்டுமே மிஞ்சுவார். ஆகவே மன்றத்தின் வழக்கறிஞர் பத்திர வரைவில் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான்.